வீட்டில் சொல்லி வைத்தீர்களா?

என் தகப்பனார் காலமான பதினாறாம் நாள். காரியம் முடிந்து உறவினர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடந்தது. இன்ஷூரன்ஸ் பத்திரத்தைத் தேடி அப்பாவின் பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன்.

பத்திரம் இருந்தது. அதன் அடியில் சின்ன அட்டை ஒன்றும் இருந்தது.

இறந்த பிறகு கண்களைத் தானமாகத் தர ஒப்புக்கொள்ளும் அட்டை அது. கீழே அப்பாவின் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து, அவரோடு வேலை பார்த்த நண்பருடையது. தேதியைப் பார்த்தேன். பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி!

அம்மாவிடம் காட்டினேன். அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். நாங்கள் அட்டையைப் பார்த்ததோ பதினாறாம் நாள். இரண்டு பேருக்குப் பார்வை தந்திருக்கக்கூடிய கண்கள் சாம்பலோடு சாம்பலாகப் போய்விட்டன.

இது யார் தவறு? அப்பா நல்ல மனத்தோடுதான் கையெழுத்துப் போட்டார். நாங்களும் மறுக்கக் கூடியவர்கள் அல்ல. ஆனால் அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

நம் வீடுகளில் எல்லாவற்றையும் பேசுகிறோம். கல்யாணத்துக்கு எவ்வளவு செலவு என்று பேசுகிறோம். பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று பேசுகிறோம். சாவைப் பற்றி யாராவது வாயெடுத்தால் மட்டும், "வாயைக் கழுவு" என்று அடக்கிவிடுகிறோம். பேசாததால் சாவு வராமல் இருப்பதில்லை. அது வருகிற நாளில் என்ன செய்வது என்று தெரியாமல் நாம்தான் விழிக்கிறோம்.

ஒரே கேள்வி அல்ல

"நீங்கள் தானம் செய்வீர்களா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பலரும் திகைப்பார்கள். "அதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

உண்மையில் அது ஒரே கேள்வி அல்ல. நான்கு கேள்விகள்.

ரத்தம் கொடுப்பீர்களா? கண்களைக் கொடுப்பீர்களா? மூளை செத்துப்போன நிலையில் உறுப்புகளைக் கொடுப்பீர்களா? உடலையே மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பீர்களா?

ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றொன்றுக்கு வேண்டாம் எனலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. நான்கையும் சேர்த்துக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவதுதான் தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரத்தம்

இந்த நான்கில் மிக எளிது இதுதான். உயிரோடு இருக்கும்போதே கொடுக்கலாம். மறுபடியும் மறுபடியும் கொடுக்கலாம்.

வளர்ந்த மனிதர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ஒரு தடவை கொடுப்பது 350 மில்லி லிட்டர். உடல் எடை கூடுதலாக இருந்தால் 450 மில்லி லிட்டர். அந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் திரும்ப ஊறிவிடுகிறது. சிவப்பு அணுக்கள் சில வாரங்களில் சரியாகிவிடுகின்றன.

18 வயது முதல் 65 வயது வரை கொடுக்கலாம். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ரத்தசோகை இருக்கக் கூடாது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

ஒருவர் ரத்தம் மற்றொருவருக்குச் சேரும், இன்னொருவருக்குச் சேராது. ஏன் என்று முன்பு யாருக்கும் தெரியாது. வியன்னா நகரில் இருந்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் என்ற டாக்டர் 1901ஆம் ஆண்டு ரத்தத்தில் வகைகள் இருப்பதைக் கண்டு சொன்னார். 1930ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் தேதியைத்தான் இன்று உலக ரத்ததான நாள் என்று கொண்டாடுகிறார்கள்.

முன்பு நம் நாட்டில் ரத்தத்தை விலைக்கு விற்றார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் மாதம் பல முறை விற்று, தாங்களும் மெலிந்தார்கள். வாங்கியவர்களுக்கும் நோய் தொற்றியது. 1996ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் கண்டிப்பான தீர்ப்பு அளித்தது. 1998ஆம் ஆண்டு ஜனவரி முதல் ரத்த விற்பனை தடை செய்யப்பட்டது. இப்போது கொடுத்த ரத்தத்தை எய்ட்ஸ், மஞ்சள் காமாலை, மலேரியா உள்ளிட்ட நோய்களுக்குச் சோதித்த பிறகுதான் ஏற்றுகிறார்கள்.

விற்பனை போனது நல்லது. ஆனால் அந்த இடத்தை யார் நிரப்புவது? ரத்தத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. மனிதர் கொடுத்தால்தான் மனிதருக்கு உண்டு. வாங்கிப் பூட்டி வைக்கவும் முடியாது. சிவப்பு அணுக்கள் அதிகம் போனால் 42 நாள் தாங்கும். தட்டணுக்கள் 5 நாள்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் போனும் கையுமாக நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிரசவத்துக்கு மனைவியைச் சேர்த்துவிட்டு, "யாராவது கிடைப்பார்களா?" என்று அலைகிற கணவன் அவன். அவன் அலைவது எதனால்? மற்ற நாட்களில் நாம் யாரும் ரத்த வங்கிப் பக்கம் எட்டிப் பார்க்காததால். நம் வீட்டில் ஒருவர் படுத்த பிறகு ஓடுவதை விட, யாரும் படுக்காத நாளில் போய்க் கொடுத்துவிட்டு வருவது மேல்.

எனக்கு ஊசி என்றால் பயம். முதல் முறை கொடுத்தபோது வயது 31. ஊசி குத்திய வலி எறும்புக்கடி போலத்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகள் பயந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

கண்

கண்தானத்தில் தமிழ்நாடு முன்னோடி. இந்தியாவின் முதல் கண் வங்கி சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் 1945ஆம் ஆண்டு தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா.

கண்ணின் முன்பக்கத்தில் கடிகாரக் கண்ணாடி போல ஒரு தெளிந்த தோல் இருக்கிறது. அதைக் கருவிழிப் படலம் என்பார்கள். காயம் பட்டோ, கிருமி தாக்கியோ அது வெளுத்துப்போனால் பார்வை மறைந்துவிடும். இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்த படலத்தை அங்கே வைத்துத் தைத்தால் மறுபடியும் வெளிச்சம் தெரியும். எல்லாக் குருட்டுக்கும் இது மருந்து ஆகாது. படலம் கெட்டவர்களுக்கு இதை விட்டால் பெரும்பாலும் வேறு வழி இல்லை.

வயது தடை இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம். சர்க்கரை நோயாளியும் கொடுக்கலாம். கண்புரை ஆபரேஷன் செய்தவரும் கொடுக்கலாம். வெறிநாய்க் கடியால் இறந்தவர், எய்ட்ஸ் போன்ற தொற்று நோய் உள்ளவர் ஆகியோரின் கண்களை மட்டும் எடுப்பதில்லை.

டாக்டர் வீட்டுக்கே வந்து எடுப்பார். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். முகம் கோரமாகாது. கண் மூடியபடியே இருக்கும்.

டாக்டர் வரும் வரை வீட்டார் செய்ய வேண்டியது இது: இறந்தவர் கண் இமைகளை மூடுங்கள். இமைமேல் ஈரப் பஞ்சை வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள்.

"கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறக்க நேரும்" என்று எங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் சொன்னார். அவரிடம் நான் வாதம் செய்யவில்லை. "கண்ணப்ப நாயனார் ஒரு கண்ணைக் கொடுத்தார். இன்னொன்றையும் கொடுக்கத் துணிந்தார். அவரைக் குருடர் என்றா கும்பிடுகிறோம்?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். தீயில் போகிற கண் மட்டும் அடுத்த பிறவிக்கு வந்து சேருமா என்ன?

உறுப்பு

இதில்தான் பயம் அதிகம். பயப்படுகிறவர்களைக் கேலி செய்யக் கூடாது. விளங்கச் சொல்ல வேண்டும்.

சாலை விபத்தில் தலையில் பலமாக அடிபடுகிறது. மூளை முழுவதும் செத்துவிடுகிறது. ஆனால் இயந்திரம் மூச்சைத் தள்ளிக்கொண்டிருப்பதால் இதயம் சிறிது காலம் துடிக்கிறது. தொட்டால் உடம்பு சூடாக இருக்கிறது. இதற்கு மூளைச்சாவு என்று பெயர். மயக்க நிலையாகிய 'கோமா' வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. மூளைச்சாவிலிருந்து திரும்பியவர் இல்லை.

"அவசரப்பட்டு அறிவித்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். சட்டம் அதற்குக் காவல் போட்டிருக்கிறது. 4 டாக்டர்கள் கொண்ட குழு சோதிக்க வேண்டும். ஒரு தடவை போதாது. 6 மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். இயந்திரத்தின் உதவி இல்லாமல் மூச்சு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். உறுப்பைப் பொருத்துகிற டாக்டர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது.

இதற்குப் பிறகுதான் குடும்பத்தாரிடம் கேட்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால் இதயம், நுரையீரல்கள், கல்லீரல், கணையம், சிறுநீரகங்கள் என்று ஒரே உடலிலிருந்து பலர் பிழைக்கலாம். இதயத்தை எடுத்த சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். அதனால்தான் போலீசார் சாலையை ஒதுக்கி ஆம்புலன்சை அனுப்புகிறார்கள்.

2008ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதியரின் 15 வயது மகன் சாலை விபத்தில் சிக்கினான். மூளைச்சாவு அடைந்தான். பெற்ற மகனுக்கு இனி மீட்சி இல்லை என்பது அந்த இருவருக்கும் தெரிந்தது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு உறுப்புகளைத் தரச் சம்மதித்தார்கள். அவனுடைய இதயம் சென்னை நெரிசலைக் கடந்து சில நிமிடங்களில் முகப்பேர் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு உறுப்புதானம் என்ற பேச்சு நம் டீக்கடை வரை வந்தது. 'சென்னையில் ஒரு நாள்' என்று 2013ஆம் ஆண்டு வந்த சினிமாவும் இதயத்தைக் கொண்டுபோகும் கதைதான்.

உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதற்கு முன்பு ஏழைகள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற கொடுமை சென்னையிலும் நடந்தது. சட்டம் வந்த பிறகும் தரகர்கள் ஒழியவில்லை. "ஒரு கிட்னிதானே, பணம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். அது தானம் அல்ல, மோசடி.

வீட்டுக்குள்ளே நடப்பதையும் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பவர்களில் நம் நாட்டில் பெண்களே அதிகம். மனைவி கணவனுக்குக் கொடுக்கிறாள். தாய் மகனுக்குக் கொடுக்கிறாள். அன்பினால் கொடுத்தால் கும்பிடுவோம். "நீ கொடுக்காமல் யார் கொடுப்பது?" என்று நெருக்கி வாங்கினால் அதற்குத் தானம் என்று பெயர் இல்லை. இறந்தவர்களின் உறுப்புகள் கூடுதலாகக் கிடைத்தால் இந்த நெருக்கடியும் குறையும்.

"யாருக்குப் போகும்? பணக்காரருக்கா?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் பெயர் பதிந்தவர்களின் வரிசையை அரசின் உறுப்பு மாற்று ஆணையம் கவனிக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் மாற்று ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. உறுப்புகளை எடுக்க ஆகும் செலவைக் கொடுத்த குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்பது விதி. இந்த வரிசையில் ஒரு கடுகளவு சந்தேகம் விழுந்தாலும் மக்கள் மனம் மூடிக்கொள்ளும். எனவே அரசு இதைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும்.

உறுப்புகளை எடுத்த பிறகு உடலைத் தைத்துக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாச் சடங்கும் செய்யலாம். உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கூலி வேலை செய்தவர் வீட்டு வாசலுக்கும் கலெக்டர் மாலையோடு வருகிறார். நல்ல வழக்கம் இது.

உடல்

நான்காவது கேள்விதான் கடினம்.

டாக்டர் படிப்புக்கு வரும் மாணவர் முதல் ஆண்டில் மனித உடலைத் தொட்டுப் படிக்கிறார். நரம்பு எங்கே ஓடுகிறது, நாளம் எங்கே பிரிகிறது என்று அங்கேதான் தெரிந்துகொள்கிறார். அந்த உடல்தான் அவருக்கு முதல் ஆசிரியர். அந்த ஆசிரியரின் முகம் தெரியாது, பெயர் தெரியாது. நாளை நம் பேரனுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் அப்படிப் படித்தவராகத்தான் இருப்பார்.

மேற்கு வங்காளத்தில் நீண்ட காலம் முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு 2010ஆம் ஆண்டு காலமானார். அவர் விருப்பப்படி அவர் உடல் கொல்கத்தா ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு காலமான சீதாராம் யெச்சூரியின் உடல் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்பட்டது. பெயர் வெளியே தெரியாத எத்தனையோ சாதாரண மனிதர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

விருப்பம் உள்ளவர்கள் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு இயல் துறையில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் இறந்த பிறகு உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் குடும்பத்தார்தான். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்று நோய்களால் இறந்தவர் உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்களை எடுத்த உடலை ஏற்கிறார்கள்.

உடலைக் கொடுத்தால் சுடுகாட்டுச் சடங்கு இல்லை. அஸ்தி இல்லை. சமாதி இல்லை. இது நம் ஜனங்களுக்குப் பெரிய விஷயம். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் பேசினோம்

அட்டையைக் கண்டெடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் இதைப் பேசினோம்.

அம்மா முதலில் எழுந்து போகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "என் கண்ணை எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் அப்பா கொடுக்க நினைத்ததை நான் கொடுத்துவிடுகிறேன். மற்ற உறுப்பெல்லாம் உன் இஷ்டம். உடம்பை மட்டும் கொடுக்கக் கூடாது. அவரை எரித்த இடத்தில்தான் என்னையும் எரிக்க வேண்டும்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

என் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். என் மனைவி ஒப்பவில்லை.

"நீங்கள் போய்விடுவீர்கள். பிள்ளைகளுக்குக் கும்பிட ஓர் இடம் வேண்டாமா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ரத்தம், கண், உறுப்பு மூன்றிலும் எங்களுக்குள் வேற்றுமை இல்லை. இது பிள்ளைகளுக்கும் தெரியும்.

பத்து வயது மகன் கேட்டான்: "அப்பா, தாத்தாவின் கண் யாருக்காவது போயிருந்தால், அவர் நம்மைப் பார்த்திருப்பாரா?"

"நம்மைப் பார்த்திருக்க மாட்டார். வேறு யாரோ தம் பிள்ளையைப் பார்த்திருப்பார்" என்றேன்.

இன்றே கேளுங்கள்

எழுதிக் கொடுத்த அட்டை நல்லதுதான். ஆனால் அட்டை பேசாது. நாம் கண் மூடிய பிறகு பேச வேண்டியவர்கள் நம் வீட்டார். அவர்களைக் கேட்காமல் நடைமுறையில் யாரும் எதையும் எடுப்பதில்லை. அழுது நிற்கிற அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "கொடுப்பீர்களா?" என்று கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? "அவர் சொல்லியிருந்தார்" என்ற ஒரு வார்த்தை இருந்தால் பாரம் இறங்கிவிடும். அது இல்லாவிட்டால், சம்மதித்தாலும் மனம் உறுத்தும். மறுத்தாலும் மனம் உறுத்தும்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். இந்த நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். சரி என்பவர் சொன்னதை மனத்தில் வையுங்கள். பக்கத்துக் கண் வங்கியின் போன் எண்ணைக் காலண்டர் மேல் எழுதி மாட்டுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே அட்டை இருந்தால், அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவின் அட்டை இப்போது அவர் படத்துக்குக் கீழே இருக்கிறது. அதன் பக்கத்திலேயே அம்மாவின் அட்டையும் இருக்கிறது.